மீன் குளத்தைப் பெருப்பிக்கப் போறீங்களா? மம்பட்டி எடுக்கும் முன் ஒரு வார்த்தை



லயத்துக் கோடியில் ஒரு குழி வெட்டி, பத்து இருபது மீன் குஞ்சு வாங்கி விட்டு, தவிடும் மிஞ்சின சோறும் போட்டு வளர்க்கிற குடும்பங்கள் நம் மத்தியில் உண்டு. முதல் தடவை பிடித்து ஒரு குழம்பு வைத்தாச்சு என்றால் பிள்ளைகளுக்கும் சந்தோசம், பெரியவர்களுக்கும் சந்தோசம். அடுத்த நாளே வீட்டில் பேச்சு எழும்பும்: “குளத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கினா என்ன?”

நல்ல எண்ணம்தான். 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடந்த குடிசன சுகாதார ஆய்வில், தோட்டப் பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு ஏறக்குறைய 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். முழு நாட்டுக்கும் பார்த்தால் அது 100க்கு 17 பேர்தான். பால், முட்டை, மீன், பருப்பு போதாமல் இருப்பது இதற்கு ஒரு முக்கிய காரணம். வாரத்தில் ஒரு நாள் சொந்தக் குளத்து மீன் சட்டியில் விழுந்தால் அது சின்ன விசயம் இல்லை.

ஆனால் புதிதாகக் குளம் வெட்டுவதைவிட, இருக்கிற குளத்தைப் பெருப்பிப்பதில் கவனம் கூட வேண்டும். தண்ணீரும் மீனும் நிற்கும் போதே கரையை வெட்டப் போகிறோம். நாம் இருப்பதோ மலைச்சரிவு. நமக்குக் கீழே இன்னொரு லயம் இருக்கும். ஆகவே எப்படிப் பெருப்பிக்கலாம், எங்கே பெருப்பிக்கவே கூடாது என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

குளம் சின்னதா? மீன் அதிகமா?

காலையில் பிரட்டுக்குப் போகும் முன் குளத்தைப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறக்கின்றனவா? அப்படியென்றால் தண்ணீரில் காற்று போதவில்லை. மீன்கள் பல மாதமாகியும் விரல் அளவிலேயே நிற்கின்றனவா? அப்படியென்றால் கூட்டம் கூடிவிட்டது. இரண்டுக்கும் குளத்தைப் பெரிதாக்குவது ஒரு வழி. அதைவிட லேசான வழியும் உண்டு. மீனைக் குறைப்பதுதான் அது.

திலாப்பியா வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மூன்று நாலு மாதத்தில் அது குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிடும். பிறகு சின்னக் குளத்தில் நூறு மீன் நெருக்கும். ஒன்றும் வளராது. அந்த நேரம் குளத்தை இரட்டிப்பாக்கினாலும் ஆறு மாதத்தில் பழைய கதைதான். முதலில் சின்னதுகளை வலை போட்டு அள்ளுங்கள். சின்ன மீனைப் பொரித்து முள்ளோடு சாப்பிட்டால் பிள்ளைகளின் எலும்புக்கு வேண்டிய கல்சியமும் சேரும்.

கணக்கு இதுதான். தண்ணீர் ஓடாமல் நிற்கும் குளத்தில் 10 சதுர அடிக்கு ஒரு மீன். ஒழுங்காகத் தீனி போட்டால் இரண்டு வரை விடலாம். 12 அடி நீளம், 10 அடி அகலமுள்ள குளம் 120 சதுர அடி. அதில் 12 மீன் முதல் 24 மீன் வரைதான் நன்றாக வளரும். கணக்கில் ஆழத்தைச் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். காற்றும் வெயிலும் மேற்பரப்பால்தான் தண்ணீருக்குள் போகின்றன. ஆகவே குளத்தை இன்னும் தோண்டி ஆழமாக்குவதால் மீன் கூடாது. பரப்பைக் கூட்ட வேண்டும்.

அந்த 120 சதுர அடியை 240 ஆக்கினால் என்ன கிடைக்கும்? 40 குஞ்சு விட்டு, 30 தப்பி, ஒவ்வொன்றும் 200 கிராம் வந்தால் ஒரு போகத்துக்கு 6 கிலோ. வீட்டுக் கறிக்கு அது நல்ல உதவி. விற்றுப் பணக்காரராகலாம் என்று யாராவது சொன்னால் நம்பிக் கடன் எடுக்காதீர்கள்.

யாரிடம் கேட்க வேண்டும்?

தோட்டக் காணிகள் 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன. லயத்தைச் சுற்றியுள்ள இடத்தில் மண் வெட்டுவதென்றால் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். முதல் குளத்தை வாய்ப் பேச்சோடு வெட்டியிருக்கலாம். பெருப்பிக்கும் போது நலன்புரி உத்தியோகத்தரோடு போய் துரையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு ஒரு வழக்கு வம்பு வந்தால் அந்தத் துண்டுக் கடதாசிதான் உங்களுக்குத் துணை.

ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் வேறொரு கணக்கும் பார்க்க வேண்டும். ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. 12 அடிக்கு 10 அடியாக இரண்டு குளம், நடுவில் 3 அடி மண், சுற்றிவர 3 அடிக் கரை என்று வைத்தால் 33 அடிக்கு 16 அடி வரும். அது 528 சதுர அடி. காணியில் நாலில் ஒரு பங்குக்கும் மேலே போய்விடும். வீட்டையும் மலசலகூடத்தையும் கழித்து, மரக்கறிப் பாத்திக்கு என்ன மிஞ்சும் என்று அளந்து பாருங்கள். போஞ்சியும் கீரையும் போன பிறகு மீன் மட்டும் இருந்து பயனில்லை. இடம் போதாவிட்டால் சின்னதாகவே பெருப்பியுங்கள்.

பக்கத்துக் காம்பராக்காரர்களையும் கேளுங்கள். குளத்துக் கரை நாளை அவர்கள் வாசலுக்கு வரும். அவர்கள் பிள்ளைகளும் அங்கேதான் விளையாடும்.

பக்கவாட்டில் போங்கள், கீழே போகாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு விசயத்தை மட்டும் ஞாபகம் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

“அண்ணே, கீழ்ப்பக்கம்தான் இடம் கெடக்கு. அப்படியே கீழே இழுத்து விட்டா என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீர் எப்போதும் மட்டமாகவே நிற்கும். நிலம் சரிந்து போகும். 4 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவில் குளத்தைக் கீழ்ப்பக்கம் 10 அடி நீட்டினால், கீழ்க்கரையை இப்போது இருப்பதைவிட இரண்டரை அடி உயர்த்த வேண்டும். புதுமண், உயரக் கரை, பின்னால் தண்ணீரின் தள்ளு. அடைமழைக்கு அது தாங்காது.

எவ்வளவு தண்ணீர் என்று நினைக்கிறீர்கள்? ஒரு கன அடித் தண்ணீர் 28 லீற்றருக்குச் சற்று மேல். 120 சதுர அடிக் குளம் சராசரி 2 அடி ஆழம் என்றால் ஏறக்குறைய 6,800 லீற்றர். இரட்டிப்பாக்கினால் 13,600 லீற்றர். ஒரு லீற்றர் ஒரு கிலோ. அப்போது அது பதின்மூன்றரை தொன். அவ்வளவு பாரத்தைக் கீழ் லயத்தின் தலைக்கு மேலே தூக்கி வைக்கிறோம். கரை உடைந்தால் ஒரு நிமிடத்தில் அவ்வளவும் சேறும் கல்லுமாய் இஸ்தோப்புக்குள் வந்து நிற்கும்.

மேல்பக்கம் வெட்டலாமா? அதுவும் வேண்டாம். மேலே வெட்டினால் மண் மேடு செங்குத்தாக நிற்கும். அடியில் தண்ணீர் ஊறும். மழை வந்தால் மேடு சரிந்து குளத்தில் விழும்.

பக்கவாட்டில் போவதுதான் சரி. தேயிலை மலையில் மண் அரிக்காமல் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுகிறோமே, அதே முறை. ஒரே மட்டத்தில் இடது பக்கமோ வலது பக்கமோ நீட்டினால் கரையின் உயரம் கூடாது. மட்டம் பார்க்க இருபது அடி கண்ணாடி ரியூப் ஒன்று போதும். காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியைப் பழைய குளத்தின் நீர் மட்டத்திலும் மறு நுனியைப் புது இடத்திலும் பிடியுங்கள். இரு நுனியிலும் தண்ணீர் நிற்கும் இடம்தான் ஒரே மட்டம். அங்கே முளை அடியுங்கள்.

பக்கவாட்டில் என்றாலும் சில இடங்களில் வெட்டவே கூடாது:

– நேர் கீழே லயம், வீடு, பிள்ளைக் காம்பரா, பாதை இருக்கும் இடம்.

– நிலத்தில் வெடிப்பு இருக்கும் இடம், மரமும் கம்பமும் சரிந்து நிற்கும் இடம், திடீரென்று புது ஊற்று வந்த இடம், சுவர் வெடித்துக் கதவு இறுகும் வீட்டுப் பக்கம். இவை மண் நகர்வதற்கான அடையாளம்.

– மலசலகூடக் குழிக்கு 50 அடிக்குள் உள்ள இடம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது. அதற்குப் பின்னும் மலைநாட்டில் மண்சரிவு நின்றபாடில்லை. மண்ணுக்குள் தண்ணீர் இறங்க இறங்க அதன் பிடி விட்டுப் போகும். ஒழுகுகிற குளம் வருசம் முழுவதும் அந்த வேலையைத்தான் செய்கிறது. உங்கள் இடம் மண்சரிவு அபாயமுள்ளதா என்று தெரியாவிட்டால், கிராம உத்தியோகத்தர் மூலம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். அபாயமென்று குறித்த இடத்தில் இருக்கும் குளத்தையும் பெருப்பிக்க வேண்டாம். இருப்பதை மூடுவது பற்றியும் யோசியுங்கள். மீன் போனால் வாங்கலாம்.

எந்த மாதத்தில் தொடங்குவது?

அட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை. அங்கே தைப்பொங்கல் முடிந்த கையோடு தொடங்கி மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை பெருமழை. அங்கே ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வேலைக்கு நல்ல காலம். புதுக் கரை இறுகி, அதில் புல் பிடித்த பிறகுதான் மழை வர வேண்டும்.

வேலை செய்யும் முறை

முதலில் பழைய குளத்தில் கை வைக்காதீர்கள். அதில் மீன் அப்படியே இருக்கட்டும். அதன் கரையிலிருந்து 3 அடி மண்ணை விட்டு, அந்தப் பக்கம் புதுக் குளத்தைக் காய்ந்த நிலத்தில் வெட்டுங்கள். எல்லாம் முடிந்த பிறகே இரண்டையும் சேர்ப்பது. இந்த ஒழுங்கை மாற்றிப் பழைய கரையை முதலில் வெட்டினால், மீனும் போகும், தண்ணீரும் போகும், வேலையும் சேற்றில் நிற்கும்.

*மண் பார்ப்பது.* இரண்டு அடிக் குழி வெட்டி, அடி மண்ணில் ஒரு பிடி எடுத்து நனைத்து உருண்டை பிடியுங்கள். மேலே எறிந்து கையில் ஏந்துங்கள். உடையாவிட்டால் களி இருக்கிறது. பிறகு காலையில் அந்தக் குழியில் தண்ணீர் நிரப்புங்கள். பின்னேரம் குறைந்திருக்கும்; மறுபடி நிரப்பி இலை தழையால் மூடுங்கள். மறுநாள் காலையில் பெரும்பகுதி தண்ணீர் நின்றால் அந்த மண் நல்லது. வறண்டு போனால் களிமண் கொண்டுவந்து பூச வேண்டும், அல்லது தடித்த கறுப்புப் பொலித்தீன் விரிக்க வேண்டும்.

*வெட்டுவது.* மேல் மண்ணைத் தனியாகக் குவியுங்கள். அது மரக்கறிப் பாத்திக்குத் தங்கம். அதைக் கரைக்குப் போட்டால் உக்கி இறங்கி ஒழுகும். ஒரு பக்கம் 2 அடி, மறு பக்கம் 3 அடி ஆழம் போதும். பக்கங்களைச் செங்குத்தாக வெட்டாமல், 1 அடி இறங்க 1 அடியாவது சரிவு விடுங்கள்.

*கரை போடுவது.* கரை வரும் இடத்தில் புல், தேயிலை வேர், கட்டை எல்லாவற்றையும் கிளறி எடுங்கள். நடுவில் 1 அடி அகலம், 1 அடி ஆழத்துக்குக் கான் வெட்டிக் களிமண்ணால் அடித்து நிரப்புங்கள். பழைய நிலத்துக்கும் புதுமண்ணுக்கும் இடையில் தண்ணீர் ஊர்ந்து போகாமல் அது தடுக்கும். அதன் மேல் அரை அடி அரை அடியாக மண் போட்டு, தண்ணீர் தெளித்து, கட்டையால் இடித்து வாருங்கள். ஒரே நாளில் கொட்டி மிதித்த கரை ஒரே மழையில் போய்விடும். மேல் அகலம் 3 அடி வேண்டும். தண்ணீர் மட்டத்துக்கு மேல் 1 அடி கரை இருக்க வேண்டும். கரையில் வாழையோ மரமோ நடாதீர்கள். வேர் உக்கினால் அந்த வழியால் தண்ணீர் போகும். அருகம்புல்லும் வெளிப்பக்கம் வெட்டிவேரும் நடுங்கள்.

*மிகைநீர் வழி.* ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால், 240 சதுர அடியில் நேராக விழும் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 1,700 லீற்றர். மேல் மலையிலிருந்து ஓடி வருவது அதற்கும் கூட. ஆகவே குளத்துக்கு மேலே ஒரு கான் வெட்டி, மலைத் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பி விடுங்கள். கரையில் 4 அங்குலக் குழாய் ஒன்றை நீர் மட்டத்தில் பதியுங்கள். குழாயைச் சுற்றிக் களிமண்ணை நன்றாக இடிக்க வேண்டும். பல கரைகள் குழாய் ஓரமாகத்தான் ஒழுகத் தொடங்கும். வாயில் கம்பி வலை கட்டுங்கள். வெளியே விழும் இடத்தில் கல் அடுக்கி, தண்ணீரைத் தோட்டத்துக் கானில் சேருங்கள். அடுத்த வீட்டுப் பக்கம் விடாதீர்கள்.

தேயிலை மண் புளிப்பு மண்

தேயிலைச் செடிக்குப் புளிப்பு மண் பிடிக்கும். மீனுக்குப் பிடிக்காது. புதிதாக வெட்டிய இடத்தில் அந்தப் புளிப்பு தண்ணீரில் இறங்கும். தண்ணீர் கண்ணாடி போல் தெளிவாக நிற்கும், மீனுக்கு இரையான பாசி பிடிக்காது. அதற்கு மருந்து சுண்ணாம்பு. தேயிலை மலைக்குப் போடும் தொலமைட் நல்லது. 120 சதுர அடிக்கு 3 கிலோ அளவில், காய்ந்த அடியிலும் பக்கங்களிலும் தூவி முள்ளால் லேசாகக் கிளறுங்கள். வெற்றிலைக்குப் போடும் சுட்ட சுண்ணாம்பை அள்ளிக் கொட்டாதீர்கள். கையும் கண்ணும் வெந்து போகும்.

ஒரு கிழமை விட்டுத் தண்ணீர் நிரப்புங்கள். வாரத்துக்கு ஒரு கிலோ அளவில் மாட்டுச் சாணத்தைக் கரைத்து விடுங்கள். இரண்டு மூன்று கிழமையில் தண்ணீர் பச்சை பிடிக்கும். கையை நீட்டித் தண்ணீருக்குள் விடுங்கள். முழங்கை முங்கும் போது உள்ளங்கை மறைந்தால் சரியான பச்சை. மணிக்கட்டு முங்கும் போதே மறைந்தால் மிஞ்சிப் போச்சு, சாணத்தை நிறுத்துங்கள்.

சீமெந்துத் தொட்டி கட்டியவர்களுக்கு இதற்கு மாறான பிரச்சினை. புதுச் சீமெந்தின் காரம் மீனைக் கொல்லும். வாழைத்தண்டு வெட்டிப் போட்டு, தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றி, மூன்று கிழமை விடுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து எடுப்பது? பீலித் தண்ணீர் எல்லாருக்கும் சொந்தம். பீலியில் வழிந்து போவதை எடுக்கலாம். பீலியையே குளத்துக்குத் திருப்பினால் லயத்தில் சண்டைதான் வரும். மருந்து அடித்த மலையிலிருந்து வரும் கான் தண்ணீரை ஒருபோதும் விடாதீர்கள். மருந்து அடிக்கும் தாங்கியைக் குளத்தில் கழுவுவது மீனுக்கும் நஞ்சு, அதைத் தின்னும் பிள்ளைக்கும் நஞ்சு.

சேர்ப்பதா, பிரித்தே வைப்பதா?

புதுக் குளம் தயாரானதும் முதலில் நாலைந்து மீனை மட்டும் விட்டு நாலு நாள் பாருங்கள். சாகாமல் ஓடித் திரிந்தால் சேர்க்கலாம்.

நடு மண்ணை முழுக்க வெட்டி எடுத்து ஒரே பெரிய குளமாக்கத்தான் பலருக்கும் ஆசை. பார்க்க அழகுதான். ஆனாலும் நாம் சொல்வது, அந்த 3 அடி மண்ணை விட்டுவிட்டு, தண்ணீர் மட்டத்துக்கு 1 அடி கீழே ஒரு 4 அங்குலக் குழாயால் இரண்டையும் இணையுங்கள். இரு வாயிலும் வலை கட்டுங்கள். ஒன்றில் பெரிய மீன், மற்றதில் குஞ்சு. ஒன்றில் நோய் வந்தால் குழாயை அடைத்து மற்றதைக் காப்பாற்றலாம். ஒன்றை வற்றவிட்டுச் சேறு அள்ளும் போது மீன் மற்றதில் இருக்கும். ஒரு கரை போனாலும் குழாயை அடைத்தால் மற்றப் பாதித் தண்ணீராவது நிற்கும்.

பழைய குளம் பொலித்தீன் விரித்ததென்றால் வேறு வழியே இல்லை. பழைய விரிப்போடு புது விரிப்பை ஒட்டினால் அந்த ஒட்டு எப்படியும் ஒழுகும். தனித்தனியாகவே வையுங்கள்.

சேர்த்த பிறகு, மீன் புதுக் குளத்துக்குப் போனதும், பழையதை வற்றவிட்டுக் கரையைப் பாருங்கள். நண்டு வளை, எலி வளை இருந்தால் களிமண்ணால் அடையுங்கள். அடிச் சேற்றை மரக்கறிப் பாத்திக்குப் போடுங்கள். சேற்றில் இறங்கும் போது காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். இறங்கி ஓரிரு கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போய், சேற்றில் வேலை செய்ததையும் சொல்லுங்கள்.

புதுக் குஞ்சு வாங்கும் போது உங்கள் மலையின் குளிரையும் பாருங்கள். திலாப்பியாவுக்குச் சூடு வேண்டும். நுவரெலியா போன்ற உயர் மலையில் அது தின்னாமல் சுருண்டு கிடக்கும். அங்கே குளிர் தாங்கும் சாதாரணக் கெண்டைதான் ஏற்றது. தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபையினரிடம், அதாவது நக்டாவிடம், உங்கள் இடத்துக்கு எந்தக் குஞ்சு சரி என்று கேட்டு வாங்குங்கள். வேலை பாதியில் நிற்கும் போது குழியில் மழைத்தண்ணீர் தேங்கினால், நாலு கப்பி மீன் விடுங்கள்; நுளம்புக் குடம்பியை அது தின்னும்.

பிள்ளைகள் கவனம்

அப்பாவும் அம்மாவும் மலைக்குப் போய்விட்டால் லயத்தில் இருப்பது பாட்டியும் பிள்ளைகளும்தான். நடக்கத் தொடங்கின பிள்ளை முழங்கால் அளவு தண்ணீரிலும் மூழ்கும். சத்தம் கேட்காது. பழைய குளத்துக்குப் பிள்ளைகள் பழகியிருப்பார்கள்; எங்கே போகக்கூடாது என்று தெரியும். புதுக் குழி அவர்களுக்குப் புதினம். வெட்டும் நாட்களில்தான் ஆபத்து அதிகம்.

ஆகவே வேலியை முதலில் கட்டுங்கள். குழியைப் பிறகு வெட்டுங்கள். மூங்கிலோ கம்பியோ, 4 அடி உயரம் வேண்டும். பிள்ளையின் கைக்கு எட்டாத கொண்டி போட்ட படலை வேண்டும். வேலிக்குள் எட்டிப் பார்க்க முடியாதபடி கொடி படர விடாதீர்கள். வீட்டிலிருந்து பார்த்தால் தண்ணீர் தெரிய வேண்டும்.

தப்பித் தவறிப் பிள்ளை விழுந்துவிட்டால் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். அதில் நேரம்தான் போகும். தட்டையாகக் கிடத்துங்கள். மூச்சு இல்லாவிட்டால் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாயோடும் மூக்கோடும் வாய் வைத்து ஐந்து தடவை மெதுவாக ஊதுங்கள். அசைவு இல்லாவிட்டால் நெஞ்சின் நடுவில் 30 தடவை அழுத்தி, இரண்டு தடவை ஊதி, நிறுத்தாமல் செய்யுங்கள். இன்னொருவர் 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடட்டும். அதற்குக் காசு இல்லை.

முதல் மழை இரவு

எல்லாம் முடிந்து முதல் பெருமழை வரும். கரை நல்லதா கெட்டதா என்பது அப்போதுதான் தெரியும். மழைக்கு முன்பே குளத்தை அரை அடி இறக்கி வையுங்கள். மழை விட்டதும் வெளிச்சத்தில் கீழ்க்கரையைச் சுற்றிப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் கசிந்தால் அடையாளம் வைத்துப் பிறகு சரி செய்யலாம். கலங்கிய தண்ணீர் கசிந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். குளத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். கரைக்குக் கீழே நிற்காமல் பக்கத்தில் நின்று மிகைநீர் வழியை வெட்டித் தாழ்த்துங்கள், கீழே இருப்பவர்களைக் கூப்பிட்டு எழுப்புங்கள். வானொலியில் உங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை சொன்னால், குளத்துப் பக்கமே போகாமல் சொன்ன இடத்துக்குப் போய்விடுங்கள்.

ஒரு குளத்தை இரண்டாக்குவது இரண்டு மூன்று பேர் சில ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து முடிக்கக்கூடிய வேலை. அவசரப்படாமல் செய்தால் பல வருசத்துக்கு நிற்கும். இந்தப் பக்கத்தை வாசிக்க முடியாத பெரியவர்கள் லயத்தில் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். முக்கியமாக, உங்கள் குளத்துக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.